அன்றிரவே காய்கிற ஊசி, வாரம் கழித்துக் காய்கிற ஊசி

மகனே,

நீ இன்னும் பிறக்கவில்லை. பிறப்பதற்கு இன்னும் பல வருடங்கள் ஆகும். நான் பத்தாம் வகுப்புதான் படிக்கிறேன். ஆனாலும் என் அப்பா உன்னை எங்கள் வீட்டுச் சண்டைக்குள் இழுத்துவிட்டார். "நாளைக்கு உனக்குன்னு ஒரு புள்ள பொறக்கும் இல்ல, அத்த எந்த ஊசியால வேணாலும் குத்திக்க. இது என் புள்ள. இதுமேல கை வைக்காத" என்று சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னார். அந்தப் பிள்ளை நீதான். மகளாகப் பிறந்தாலும் இந்தக் கடிதம் உனக்குத்தான். இந்த வீட்டில் என்னைப் பேச விடமாட்டேன் என்கிறார்கள், அதனால் அப்பா காட்டிய ஆளிடமே பேசுகிறேன். நீ வளர்ந்து, உனக்கே ஒரு குழந்தை பிறந்து, அதைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற வயதில் இதைப் படி. அப்போது எனக்குத் தலை நரைத்திருக்கும். கோபமெல்லாம் வற்றிப்போய், "அந்தக் காலத்துல அப்படித்தான்டா" என்று சிரித்துக்கொண்டு சொன்னாலும் சொல்வேன். அந்தச் சிரிப்பை நம்பாதே. இன்று எனக்கு எவ்வளவு கோபம் என்பது இதில் இருக்கிறது.

கோபம் மட்டும் என்றால் பரவாயில்லை. பயமும் இருக்கிறது. எல்லோரும் தூங்கிவிட்டார்கள். சோலார் விளக்கைத் துப்பட்டாவால் பாதி மூடிவைத்து எழுதுகிறேன். பக்கத்தில் என் தம்பி கோகுல் படுத்திருக்கிறான், உனக்கு மாமா. ஒன்பது மாதம் முடிந்து பத்தாவது மாதம் நடக்கிறது. உடம்பு அடுப்பாகக் காய்கிறது. சாயங்காலம் அவன் காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் செம்மண் தூவியது போலப் பொரிப்பொரியாகத் தெரிந்தது. அப்பா அதைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டு, "அம்மா வந்துட்டா" என்றார். உடனே படுக்கையில் வேப்பிலை வந்தது, வாசலில் வேப்பங்கொத்து வந்தது. ஒரு வாரத்துக்கு முன்னால் நானும் என் அம்மாவும் அவருக்குத் தெரியாமல் தம்பியைப் புதூர்நாட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்டு வந்தோம். இது அந்த ஊசியின் காய்ச்சலா, நிஜமான தட்டம்மையா என்று எனக்குத் தெரியவில்லை. நாளைக் காலை மாரியம்மன் திருவிழாவுக்காகக் கோயில் முன்னால் ஊர் கூடுகிறது. அங்கே நாங்கள் போன விஷயம் வெளியே வந்துவிடும். வந்தால் என் பள்ளிக்கூடம் அதோடு சரி என்கிறாள் அம்மா.

இது ஒரு சின்னப் பாட்டிலில் ஆரம்பித்தது. உன் பெரிய பாட்டி முறை ஆகிறவர் ஒருவர் இருக்கிறார்: அப்பாவின் அண்ணன் மனைவி, எனக்குப் பெரியம்மா. அவருடைய பேத்தி காவ்யாவுக்குத் தை மாதத்தில் தட்டம்மை ஊசி போட வேண்டியிருந்தது. மாதம் ஒருமுறை ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்கள் ஊர் பால்வாடிக்கு வரும் நர்ஸக்கா அன்றும் வந்தார். ஒரு பாட்டிலில் பல குழந்தைகளுக்குப் போடுகிற மருந்து இருக்கும். அன்று காவ்யா ஒருத்திதான். வேறு யாராவது வருவார்களா என்று பார்த்தார், யாரும் வரவில்லை, அவளுக்காகவே பாட்டிலைத் திறந்து போட்டார். மத்தியானத்துக்கு மேல் கிளம்பும்போது மிச்சம் இருந்த அந்தப் பாட்டிலை ஒரு சிவப்புப் பையில் போட்டுவிட்டு, பால்வாடி டீச்சரிடம், "இத்த இனிமே யாருக்கும் போடக்கூடாது, கெட்டுப்போச்சு" என்றார். பக்கத்தில் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்த பெரியம்மா காதில் இது விழுந்தது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "காலைல எம் பேத்திக்குப் போட்ட மருந்து மத்தியானம் கெட்டுப்போச்சாம். அப்ப எம் பேத்தி ஒடம்புல இன்னா ஓடுது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் ஒரு தப்பும் இல்லை, மகனே. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். ஆனால் பெரியம்மா அதை நர்ஸக்காவிடம் கேட்கவில்லை. நர்ஸக்கா ஜீப் பிடிக்கப் போன பிறகு ஊரிடம் கேட்டார். ஒரு வாரம் கழித்துக் காவ்யாவுக்குக் காய்ச்சல் வந்து லேசாகப் பொரிந்ததும், ஊரே பதில் சொல்லிக்கொண்டது.

அடுத்த மாதம் இதற்கு நேர்மாறாக நடந்தது. என் தம்பிக்கு மூன்றாவது தவணை, ஐந்து நோய்க்கு ஒரே ஊசி. நர்ஸக்கா பெட்டியிலிருந்து எடுத்த பாட்டில் ஏற்கெனவே திறந்து பாதி போட்டது. பெரியம்மா அதையும் பார்த்துவிட்டார். அன்று ராத்திரியே தம்பிக்கு உடம்பு காய்ந்தது; மறுநாள் சரியாகிவிட்டது என்பதை யாரும் பேசவில்லை. "புது பாட்டில கொட்டறா, பழைய பாட்டில போடறா. வேற ஊர்ல மிஞ்சினத நம்ம தலைல கட்டறா" என்று பெரியம்மா வீடு வீடாகச் சொன்னார். ஊர் கூடியது. நாட்டாண்மை, "நம்ம புள்ளைங்க இன்னா சோதிக்கற எலியா" என்று கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். அதோடு எங்கள் ஊரில் எந்த ஊசியும் கிடையாது என்று முடிவாயிற்று. எந்த ஊசி எதற்கு, ஒன்றும் மற்றொன்றும் ஒன்றா வேறா என்று அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை. என் அப்பாவும் தலையாட்டினார். இதே அப்பா கொரோனா சமயத்தில், ஊசி போட்டால்தான் கர்நாடகத்துக் காப்பித் தோட்டத்துக்கு ஏற்றிப்போவேன் என்று மேஸ்திரி சொன்னதும் சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றவர். கூலிக்கு என்றால் கை நீளும், குழந்தைக்கு என்றால் கை கட்டிக்கொள்ளும். இதை நான் அவர் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

நான் புதூர்நாட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறேன். இரும்புச்சத்து மாத்திரை கொடுக்க அதே நர்ஸக்கா எங்கள் பள்ளிக்கு வந்தபோது வழியை மறித்துக் கேட்டேன். "அக்கா, அன்னிக்கு அந்தப் பாட்டில ஏன் தூக்கிப் போட்டீங்க? இன்னொன்ன மட்டும் ஏன் வெச்சிருந்து போட்டீங்க?" அவருக்கு எந்தப் பாட்டில் என்று நினைவுக்கு வரவே நேரமாயிற்று. பிறகு, "ஓ, அதுவா. தட்டம்மை மருந்து உயிரோட இருக்கறது பாப்பா. தூளா வரும், தண்ணி கலந்துட்டா நாலு மணி நேரம்தான் வெச்சிக்கலாம். அஞ்சு நோய் ஊசி உயிரில்லாதது. ஐஸ்ல பத்திரமா வெச்சிருந்தா தொறந்த பாட்டில நாலு வாரம் வரைக்கும் போடலாம்" என்றார். "இத்த ஏன் ஊர்ல சொல்லல?" என்றேன். "உயிரோட இருக்கற கிருமின்னு சொன்னா உங்க ஊர்ல என்னை உயிரோட வுடுவாங்களா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. ஒரு நிமிடப் பேச்சு. அதைப் பெரியம்மாவிடம் அன்றைக்கே பேசியிருந்தால் இவ்வளவும் இல்லை. "அக்கா, அவங்க கேக்கலன்னாலும் நீங்க சொல்லியிருக்கணும்" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆமா, சொல்லியிருக்கணும்" என்று ஒத்துக்கொண்டார். "சொல்லிக்கினு நின்னா கடைசி ஜீப்பு போய்டும் பாப்பா. பெட்டில ஐஸு உருகிடும்." அதுவும் உண்மைதான். உண்மையாக இருப்பதால் என் கோபம் குறைந்துவிடவில்லை.

அதன்பிறகு வரும்போதெல்லாம் அவரைப் பிடித்துக் கேட்டேன். எங்கள் அறிவியல் டீச்சரையும் விடவில்லை. தெரிந்துகொண்டதை உனக்கு நம் மலைக்கு ஏற்றபடி சொல்கிறேன். சாமை முற்றும்போது காட்டுப்பன்றி இறங்கும் இல்லையா, அதற்குச் சாமைக் கொல்லையில் நாய் கட்டி வைப்போம். நம் உடம்பும் ஒரு கொல்லை, அதில் ஒரு காவல் நாய் இருக்கிறது. பன்றியையே பார்க்காத நாய்க்குப் பன்றி வந்தால் என்ன செய்வதென்று தெரியாது. தெரிவதற்குள் கொல்லை காலியாகிவிடும். அதனால் முன்கூட்டியே பழக்க வேண்டும். தட்டம்மை ஊசி என்பது பல் முளைக்காத, வலுவில்லாத பன்றிக்குட்டி ஒன்றை உயிரோடு கொல்லையில் விடுவது. அது மெதுவாகத் தலைகாட்டும், நாய் கண்டுபிடித்துத் துரத்தும். அதனால்தான் அந்தச் சத்தம், அதாவது காய்ச்சல், ஒரு வாரம் கழித்து வருகிறது. ஆனால் உயிருள்ளதைத் துரத்திய நாய் லேசில் மறக்காது. இரண்டு தவணை போதும். வாயில் விடுகிற போலியோ சொட்டு மருந்தும், பிறந்தவுடன் இடது கையில் போட்டுத் தழும்பாகிற காசநோய் ஊசியும் இந்த ஜாதி. உயிருள்ளது என்பதால் வெயில் பட்டால் செத்துப்போகும். கெடாமல் இருக்க மருந்து சேர்த்தால் அந்த மருந்தே அதைக் கொன்றுவிடும். அதனால் எதையும் சேர்ப்பதில்லை. சேர்க்காததால் தண்ணீர் கலந்தபின் வேறு அழுக்குக் கிருமி வளர்ந்துவிடலாம். காலையில் காவ்யாவுக்குப் போட்டது நல்ல மருந்து. மத்தியானம் அது கெட்டதாகியிருக்கலாம் என்பதற்காகத்தான் பைக்குள் போனது. ஒரு குழந்தைக்காகப் பாட்டிலைத் திறந்து மிச்சத்தை வீணாக்கத் துணிந்த காரியம் அது. எங்கள் ஊரில் அதற்குக் கிடைத்த பெயர் சதி.

இரண்டாவது ஜாதி, செத்த பன்றியின் தோலைக் கொண்டுவந்து நாய்க்கு மோப்பம் காட்டுவது. போலியோ ஊசி அப்படி. ஐந்து நோய் ஊசிக்குள் இருக்கும் கக்குவான் இருமல் மருந்தும் அப்படி. தோல் கடிக்காது, யாருக்கும் நோயாக மாறாது. ஆனால் நாய் அன்று ராத்திரி குரைத்துவிட்டு மறந்துவிடும். திரும்பத் திரும்பக் காட்ட வேண்டும். அதனால்தான் அத்தனை தவணை, அதனால்தான் காய்ச்சலும் அன்றிரவே வந்து மறுநாளோ அடுத்த நாளோ போய்விடுகிறது. மூன்றாவது, கிருமியை விட அது கக்கும் விஷம்தான் ஆளைக் கொல்லும் என்கிற நோய்களுக்கு. டெட்டனஸ் என்கிற ரணஜன்னியும் தொண்டை அடைப்பானும் அப்படிப்பட்டவை. விஷத்தின் வீரியத்தை எடுத்துவிட்டு அதை மட்டும் காட்டுவது. நான்காவது, முழுப் பன்றி வேண்டாம், ஒரு குளம்பு போதும் என்பது. மஞ்சள் காமாலை ஊசி கிருமியின் மேல்தோலில் ஒரு துண்டுதான். இவற்றைத் திறந்த பிறகும் வைத்திருந்து போடலாம். ஆனால் இவற்றில் பல ஐஸில் உறைந்தால் கெட்டுப்போகும். ஒன்றுக்கு வெயில் ஆகாது, மற்றொன்றுக்கு அதிகக் குளிர் ஆகாது. இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து இந்த மேட்டில் ஏறி வருவது சின்ன விஷயமில்லை. உயிருள்ளதுதான் மறக்காது என்றால் எல்லாவற்றையும் அப்படியே செய்தால் என்ன என்று டீச்சரிடம் கேட்டேன். உடம்பில் எதிர்ப்புச் சக்தி ரொம்பக் குறைந்தவர்களுக்கும் கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் வலுவில்லாத குட்டியும் ஆபத்தாகலாம், அவர்களுக்குத் தோல்தான் சரி என்றார். எது உயர்ந்தது என்று கேட்காதே, எது யாருக்கு, எந்த நோய்க்கு என்று கேள்.

இதையெல்லாம் நான் என் அம்மாவுக்குச் சொன்னது, தம்பியைத் தூக்கிக்கொண்டு ஜீப் நிற்கும் ரோட்டுக்கு நடந்தபோது. அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். நெல்லிவாசல் பக்கத்திலிருந்து வந்து என்னோடு ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பவித்ராவின் அக்கா பையனுக்கு ஆனியில் தட்டம்மை வந்தது. அம்மா வந்திருக்கிறாள் என்று வேப்பிலையோடு வீட்டிலேயே வைத்திருந்தார்கள். சளி நெஞ்சில் இறங்கி மூச்சு இழுத்த பிறகுதான் திருப்பத்தூருக்குத் தூக்கி ஓடினார்கள். பிழைத்துவிட்டான். நடக்கப் பழகியிருந்தவன் திரும்பி வந்தபோது உட்காரவே ஆள் பிடிக்க வேண்டியிருந்தது என்றாள் பவித்ரா. அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்துதான் அப்பாவிடம் தம்பிக்கு ஊசி போட வேண்டும் என்று சொன்னேன். அதற்குத்தான் நீ இழுக்கப்பட்டாய்.

ஆடியில் எங்கள் ஊர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுவார்கள். கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது, வீட்டில் தாளிக்கக் கூடாது, உடம்பில் ரத்தம் வருகிற எதையும் செய்யக் கூடாது. அதனால் ஹாஸ்டல் பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொள்வார்கள். காப்புக்கு முந்தின நாள் புதன்கிழமை, புதூர்நாட்டு ஆஸ்பத்திரியில் ஊசி போடும் நாள். "வளையல் வாங்கியாறேன்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அம்மா தம்பியைத் தூளியில் முதுகோடு கட்டிக்கொண்டாள். நான் கேட்டதற்கு அதுவரை அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வழியில் பன்றிக்கதை முழுவதையும் கேட்டுக்கொண்டே வந்தவள், "அப்ப உங்கப்பாவுக்குக் கொரோனா நேரத்துல எந்தப் பன்னிய காமிச்சாங்க?" என்றாள். அதில் இரண்டு விதம் உண்டு, ஒன்று செத்த கிருமி, மற்றொன்று தீங்கில்லாத வேறு ஒரு கிருமியின் கையில் பன்றியின் படத்தைக் கொடுத்தனுப்புவது, அப்பாவுக்குப் போட்டது இந்தப் படம், வெளிநாட்டில் சிலது கிருமியே இல்லாமல் படம் வரையும் குறிப்பை மட்டும் அனுப்புவது என்றேன். "படந்தான் காமிச்சாங்களா. அதான் மனுசனுக்கு ஒண்ணும் வெளங்கல" என்றாள் அம்மா. இருவரும் சிரித்துக்கொண்டே ஜீப் ஏறினோம். ஜீப் ஓட்டியது பெரியம்மாவின் மகன் என்பதை அப்போது நான் பெரிதாக நினைக்கவில்லை. அது என் முட்டாள்தனம்.

ஊசி போட்டுவிட்டு நர்ஸக்கா அம்மாவிடம் தெளிவாகச் சொன்னார். இந்த முறை விடாமல் சொன்னார். "ஒரு வாரம் பத்து நாளுல ஒடம்பு காயலாம். லேசா பொரியலாம். ரெண்டு மூணு நாளுல அடங்கிடும், அது மத்தவங்களுக்கு ஒட்டாது. மூச்சு எளைச்சாலோ, பால் குடிக்காம கெடந்தாலோ, வலிப்பு வந்தாலோ எதையும் பாக்காத, தூக்கியாந்துடு." கூடவே ஒன்றையும் சொன்னார்: "போட்ட ஒடனே காவல் வந்துடாது. ஏற்கெனவே ஒட்டியிருந்தா ஊசி தடுக்காமயும் போவலாம்." அந்தக் கடைசி வார்த்தைதான் இப்போது என் தலைக்குள் சுற்றுகிறது. மலையில் தட்டம்மை இருக்கிறது. பவித்ராவோடு படுத்து எழுந்தவள் நான். எனக்குச் சின்ன வயதில் போட்டாயிற்று, எனக்கு வராது; என் வழியாக அவனுக்கு வந்திருக்குமோ என்றுதான் பயம். நிஜமாக வந்தால் மூக்கு ஒழுகும், கண் சிவக்கும், இருமல் இருக்கும் என்று படித்திருக்கிறேன். அவனுக்கு அவை இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன். சற்றுமுன் ஒருமுறை இருமினான், எனக்கு உயிரே போய்விட்டது.

மத்தியானம் பெரியம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "காப்புக்கு மொத நாளு ஆஸ்பத்திரிகிட்ட எறங்கினீங்களாமே, எம் புள்ள சொன்னான். வளையல் அங்கயா விக்கறாங்க?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போனார். அப்பா அப்போது வீட்டில் இல்லை. நாளைக்கு எல்லோர் முன்னாலும் கேட்பார். திருவிழா நேரத்தில் அம்மனுக்குக் கோபம் வர வைத்தது யார் என்று கேட்பார்கள். காய்ச்சல் இன்று வரவேண்டுமா? நாள் கணக்குப்படி இன்றுதான் வரும். ஒழுங்காக வேலை செய்கிற மருந்து, ஒழுங்காக வந்து என்னை மாட்டிவிட்டது. நான் எழுந்து நின்று பேசப் போகிறேன். என்ன பேசுவது என்று மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். தம்பி பாலுக்கு அழுகிறான். அழட்டும், பால் கேட்டு அழுகிற வரைக்கும் நல்லது.

அதற்கு மேல் நேற்று எழுத முடியவில்லை. இன்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

கோயில் முன்னால் புங்க மரத்தடியில் ஊர் கூடியது. பெரியம்மா நேராக அப்பாவிடம் கேட்கவில்லை, நாட்டாண்மையிடம், "ஊர்க்கட்டுப்பாடு எல்லா வூட்டுக்குமா, இல்ல சில வூட்டுக்கா?" என்றார். நாட்டாண்மை, "இன்னா வேலு, புள்ளைக்கு ஊசி போட்டியா?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். அப்பாவுக்கு அந்த இடத்தில்தான், எல்லோர் கண்ணுக்கும் முன்னால்தான் விஷயம் தெரிந்தது. நான் எழுந்து நின்றேன். சொல்லிப் பார்த்து வைத்திருந்தது ஒன்றுகூட வாயில் வரவில்லை. பெரியம்மாவைப் பார்த்து, "பெரிம்மா, காவ்யாவுக்கு அந்த ஊசி போட்டப்ப அன்னிக்கு ராத்திரியே காஞ்சுதா, வாரம் கழிச்சா?" என்று மட்டும் கேட்டேன்.

"வாரம் கழிச்சுதான். அதுக்கு இன்னா இப்ப?"

"எத்தன நாளு காஞ்சுது?"

"ரெண்டு நாளு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, தோ ஆடினு கீது" என்று பெரியம்மா காவ்யாவைக் காட்டினார். அவள் வேப்பங்குச்சியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. கெட்டுப்போன மருந்து என்றால் காவ்யா இப்படி ஆடிக்கொண்டிருப்பாளா என்று வாயைத் திறந்தேன். நாட்டாண்மை கையைக் காட்டி, "ஒக்காரு பாப்பா. ஊரு பேசுது இல்ல" என்றார். அதே நேரம் அப்பா, "நான்தான் இட்டுனு போகச் சொன்னேன். பொம்பளைங்க மேல தப்பு இல்ல" என்றார். அப்படியே முடிந்துவிட்டது. அப்பா ஈரத்துணியோடு கோயிலைச் சுற்றி வந்து விழுந்து கும்பிட வேண்டும், இந்த வருடம் எங்கள் வீட்டுக் கூழ்ப்பானையைச் சன்னதியில் சேர்க்க மாட்டார்கள் என்று தீர்ப்பானது.

அப்பா என்னைக் காப்பாற்றினார் என்று அம்மா சொல்கிறாள். உனக்கும் ஒருநாள் யாராவது அப்படித்தான் சொல்வார்கள். நான் அவருக்கு நன்றி சொல்லவில்லை, மகனே. அவர் பொய் சொல்லாமல் என்னை ஒரே ஒரு வாக்கியம் பேச விட்டிருந்தால், அங்கே மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் அதைக் கேட்டிருப்பார்கள். ஒருத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அவர்கள் கேட்டுப்போனது எல்லாம், ஊசி போட்டால் கூழ்ப்பானை தள்ளிவைக்கப்படும் என்பதுதான். ஈரத்துணியோடு அப்பா சுற்றிவந்தபோது எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்ததற்காகவும் கோபம் வந்தது.

பானைக் கூழ் வீட்டிலேயே இருந்தது. அம்மா அதை நான்கு பேருக்கும் ஊற்றினாள், தம்பிக்கும் ஒரு கிண்ணத்தில் தண்ணீராகக் கரைத்து. தம்பி விரலை விட்டு நக்கினான். மத்தியானத்திலிருந்தே அவனுக்குக் காய்ச்சல் இல்லை. கழுத்தில் பொரிந்தது வெளிறிப்போய்விட்டது. அப்பா தன் கிண்ணத்தைப் பாதியில் வைத்துவிட்டு அவன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். மறுபடி வைத்துப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிவிட்டு என்னிடம், "காவ்யாவுக்கு ரெண்டு நாளுன்னுதானே அண்ணி சொன்னாங்க" என்றார்.

"ஆமாம்ப்பா."

"அடுத்தது எப்போ?"

"பதினாறு மாசம் முடியணும்."

விரல்விட்டு எண்ணினார். "தை கடைசி, மாசி. அப்ப காப்பு கெடையாது." கொஞ்ச நேரம் கூழைக் கலக்கிக்கொண்டிருந்தார். "அது அன்னிக்கு ராத்திரியே காயறதா, வாரம் கழிச்சு காயறதா?"

"ரெண்டும் இருக்குதுப்பா. ஒண்ணு உயிருள்ளது, ஒண்ணு செத்தது."

"சரி. ஊர்ல பேசினு இருக்காத" என்றார். இதையெல்லாம் அவர் குரலைத் தாழ்த்தியே கேட்டார். கதவு சாத்தியிருந்தது. காலையில் மரத்தடியில் இதையே அவர் உரக்கக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மாசியில் தம்பியை அவரே தூக்கிக்கொண்டு வருவார் என்று எனக்குத் தெரியும். அதையும் ஒளித்துத்தான் செய்வார் என்பதும் தெரியும்.

உன்னைத் தூக்கிக்கொண்டு போகும் நாளில் நான் வளையல் வாங்கப் போவதாகச் சொல்ல மாட்டேன். ஜீப்பில் முன்சீட்டில் உட்காருவேன். ஏறுகிறவர்கள் எங்கே போகிறாய் என்று கேட்டால், ஊசி போட என்பேன்; என்ன ஊசி என்றால், என்ன ஊசி, எந்த ஜாதி, எப்போது காயும், எத்தனை நாளில் அடங்கும் என்று இறங்குகிற இடம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வருவேன். உனக்கு அழுகை வந்தால் அழு. எல்லோர் காதிலும் விழட்டும்.

உன் அம்மா